மறு: பி.யு.இ. என்பதற்கு ‘மொத்த மின்விகிதம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவு மையங்களின் மின்சாரக் கொள்கை பற்றி எழுதும்போது பி.யு.இ. (பவர் யூசேஜ் எஃபெக்டிவ்னஸ்) என்ற அளவைத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த விடைகள் மூன்று: ‘மின்பயன் திறன்’, ‘ஆற்றல் பயனுறுதிறன்’, ‘பி.யு.இ. என்றே விட்டுவிடலாம்’. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த எண் இப்போது பொறியாளர்களின் அறிக்கையோடு நிற்கவில்லை, சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

முதலில் கணக்கு. ஒரு தரவு மையம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, அதிலுள்ள சர்வர்களும் சேமிப்பகங்களும் நெட்வொர்க் கருவிகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் வருவதுதான் பி.யு.இ. 1.5 என்று வந்தால், கணிப்பணிக்கு ஒரு யூனிட் போகும்போது குளிர்விப்பு, யு.பி.எஸ். இழப்பு, விளக்கு இவற்றுக்கு இன்னும் அரை யூனிட் போகிறது என்று பொருள். 1-க்குக் கீழே இறங்க வழியில்லை. குறையக் குறைய நல்லது.

‘திறன்’ என்ற சொல் இங்கேயே இடறுகிறது. திறன் என்றால் கூடினால்தான் நல்லது. தரவு மையத் துறையை ஆராயும் அப்டைம் இன்ஸ்டிடியூட் நடத்தும் கணக்கெடுப்பில் இந்த எண்ணின் சராசரி 2007-இல் 2.5 ஆக இருந்தது. அண்மை ஆண்டுகளில் 1.6-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. இதை ‘மின்பயன் திறன் 2.5-இலிருந்து 1.6-க்கு இறங்கியது’ என்று எழுதினால், நல்ல செய்தி கெட்ட செய்தியாகப் போய்ச் சேரும்.

அடுத்தது, பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் வாட் கணக்கில் சொல்லப்படுவதற்கே ‘திறன்’ என்று பெயர்; ஜூல் கணக்கில் வருவது ‘ஆற்றல்’. இலங்கையில் முன்னது ‘வலு’, பின்னது ‘சக்தி’. ஆக, ‘மின்பயன் திறன்’ என்பதைப் பார்த்ததும் இங்குள்ள மாணவர் இது ஏதோ கிலோவாட் அளவு என்று நினைப்பார். இலங்கை வாசகருக்கு வேறொன்று தோன்றும். ‘விகிதம்’ என்பதற்கு இரு பக்கமும் ஒரே பொருள்தான். ‘மின்’ என்பதும் அப்படியே. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலப் பெயரில் ‘பவர்’ என்று இருந்தாலும், ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் வரையறை இதை ஓராண்டில் செலவான ஆற்றலைக் கொண்டுதான் கணக்கிடச் சொல்கிறது. வெறுமனே ‘மின்’ என்று வைத்துவிட்டால் அந்தக் குழப்பமே தமிழுக்கு வராது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த எண் திறனை அளக்கவே இல்லை. ஒரு மையத்தில் கருவிகளுக்கு 1,000 கிலோவாட், மற்றவற்றுக்கு 500 கிலோவாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எண் 1.5. அங்கே வேலையே செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை அணைத்து 200 கிலோவாட்டைக் குறைக்கிறார்கள். குளிர்விப்பில் ஒரு பகுதி எப்படியும் ஓடியாக வேண்டியது. அதனால் மற்ற செலவு 450-க்குத்தான் இறங்குகிறது. இப்போது மொத்தம் 1,250, கருவிகளுக்கு 800. வகுத்தால் ஏறத்தாழ 1.56. மிச்சமானது 250 கிலோவாட், ஆனால் எண் மோசமாகிவிட்டது! சும்மா சுற்றும் சர்வரும் இந்தக் கணக்கில் ‘பயன்’ பக்கத்தில்தான் உட்காருகிறது. சர்வருக்குள் இருக்கும் விசிறியும் அப்படித்தான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் மையத்தில் எண் அழகாகக் குறையும், தண்ணீர்ச் செலவு அதில் தெரியவே தெரியாது. இப்படிப்பட்ட ஒன்றுக்குத் ‘திறன்’ என்று நாமே பெயர் சூட்டினால், அது சொல்லாததையும் சொல்வதாக வாசகரை நம்பவைத்துவிடுவோம்.

பி.யு.இ. என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு: பொறியாளர்கள் தமக்குள் பேசும்போது அது போதும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் ஜெர்மனி 2023-இல் இயற்றிய ஆற்றல் திறன் சட்டத்தைப் பாருங்கள். 2026 ஜூலை முதல் இயங்கத் தொடங்கும் மையங்களுக்கு 1.2, பழையவற்றுக்கு 2027 ஜூலை முதல் 1.5, 2030 ஜூலை முதல் 1.3 என்று வரம்பு வைத்தது. 2019-இல் புதிய மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்த சிங்கப்பூர், 2022-இல் மீண்டும் கதவைத் திறந்தபோது 1.3-க்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மையங்கள் தங்கள் மின்செலவு விவரங்களை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். பொதுமக்களின் மின்சாரத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் எண் இது. எதை எதால் வகுக்கிறார்கள் என்பது பெயரைக் கேட்டதுமே ஓரளவாவது பிடிபட வேண்டும்.

அதனால் என் பரிந்துரை ‘மொத்த மின்விகிதம்’. முதல் முறை வரும்போது பக்கத்தில் பி.யு.இ. என்று குறித்துவிட்டு, அப்புறம் தமிழ்ச் சொல்லையே தொடரலாம்.

‘மின் மேற்செலவு விகிதம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். மேற்செலவு வணிகவியலில் ஏற்கெனவே புழங்கும் சொல், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எண் 1.5 ஆக இருக்கும் மையத்தில் மேற்செலவு 0.5 மட்டும்தானே? அந்தச் சொல்லை அந்த 0.5-க்கே வைத்துக்கொள்ளலாம். ‘மொத்த மின்விகிதம் 1.5, அதாவது மின் மேற்செலவு 50 சதவீதம்’ என்று எழுதினால் முதன்முறை படிப்பவருக்கும் விளங்கும்.

கூடவே வரும் மற்ற அளவுகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுவது நல்லது. கணிப்பணிக்குப் போகும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது ‘நீர்ச்செலவு வீதம்’, எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது ‘கார்பன் வீதம்’. அலகு இருந்தால் வீதம், இல்லையென்றால் விகிதம். பள்ளிக் கணக்கில் உள்ள வேறுபாடுதான். வெளியேறும் வெப்பத்தை வீடுகளைச் சூடாக்கவோ வேறு தேவைக்கோ கொடுக்கும் பகுதியை ‘மறுபயன் பங்கு’ எனலாம்.

ஒரு வேண்டுகோள். கட்டுரைகளில் மொத்த மின்விகிதம் வரும் இடத்திலெல்லாம் மொத்த மின்செலவையும் சேர்த்து எழுதுங்கள். பன்னாட்டு ஆற்றல் முகமையின் மதிப்பீட்டில், உலகத் தரவு மையங்கள் 2024-இல் செலவழித்தது சுமார் 415 டெராவாட் மணி, நம் வழக்கில் 41,500 கோடி யூனிட். 2030-இல் இது 945 டெராவாட் மணியை எட்டலாம் என்கிறது அதே முகமை. அயர்லாந்தில் 2023-இலேயே அளவிடப்பட்ட மின்நுகர்வில் 21 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. ஒவ்வொரு மையமும் 1.2-இல் இயங்கினாலும், மையங்கள் பெருகினால் மொத்தம் ஏறத்தான் செய்யும். விகிதத்தை மட்டும் காட்டி வளர்ச்சியை நிலைத்த வளர்ச்சி என்று சொல்லவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதற்கு என்னிடம் முடிவான சொல் இல்லை. ‘நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்’ என்று நிறுவனங்கள் சொல்வது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு. பகலில் விளையும் சூரிய மின்சாரத்தை ஆண்டுத் தேவைக்குச் சமமாக வாங்கிவிட்டு, இரவில் நிலக்கரியோ எரிவாயுவோ தரும் மின்சாரத்தில் ஓடலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும், அதே மின்கட்டமைப்பில், கார்பன் இல்லாத மின்சாரத்தால் ஈடுகட்டுவது வேறு, மிகவும் கடினம். 2030-க்குள் அதை எட்டப்போவதாகக் கூகுள் 2020-இல் அறிவித்தது. முன்னதை ‘ஆண்டுவாரி ஈடு’, பின்னதை ‘மணிவாரி ஈடு’ என்று எழுதிப் பார்க்கிறேன். ‘ஈடு’ என்றால் இழப்பீடு என்ற பொருள் முந்திக்கொள்ளுமோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘பொருத்தம்’, ‘நிகர்’ இரண்டையும் யோசித்தேன், வாக்கியத்தில் உட்காரவில்லை. வேறு சொல் தோன்றுபவர்கள், அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.