பெரிய வீடு குழு: பெரியப்பாவின் விக்கி சந்தேகம்

பெரியப்பா: கங்கைகொண்ட சோழபுரம் கட்டுரைக்கு சிங்கக் கிணறு படம் சேர்க்க உட்கார்ந்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் மேலே என் பெயர் இருக்கிறது. படம் ஏற்ற, விக்கியின் படக் கிடங்கான பொதுவகம் போனால் மறுபடி புகுபதிகை செய்யச் சொல்கிறது. கணக்கு ஒன்றுதானே?

மல்லிகா அத்தை: யாராவது ஹேக் செய்துவிட்டார்களா அண்ணா? உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கவிதா: அதெல்லாம் இல்லை அத்தை. பெரியப்பா, ஐபேடில் சஃபாரிதானே?

பெரியப்பா: ஆமாம்மா.

கவிதா: அப்போ அதுதான் காரணம். நாம் நுழைந்ததும் தளம் பிரவுசரில் ஒரு குக்கி வைக்கும், நம்மை அடையாளம் காண ஒரு சிறு குறிப்பு. எந்த டொமைன், அதாவது எந்தத் தள முகவரி, வைத்ததோ அதற்கு மட்டும்தான் பிரவுசர் அதைக் காட்டும். தமிழ், ஆங்கில விக்கிப்பீடியா இரண்டும் விக்கிப்பீடியா.ஆர்க்கில் இருப்பதால் தொல்லை இல்லை. பொதுவகம் இருப்பது விக்கிமீடியா.ஆர்க்கில். விக்கியின் நூலகமான விக்கிமூலம், அகராதியான விக்சனரிக்கும் தனித்தனி டொமைன். கணக்குகளை 2015இலேயே ஒன்றாக்கிவிட்டார்கள், ஆனால் பிரவுசருக்கு அவை வேறு வேறு தளங்கள்தான்.

அருண்: ஜிமெயிலில் நுழைந்தால் யூடியூபிலும் என் பெயர் வந்துவிடுகிறதே அக்கா?

கவிதா: நல்ல கேள்வி. புகுபதிகை முடிகிற நேரத்தில் கூகுள் பிரவுசரை யூடியூபுக்கும் ஒரு நடை அனுப்பி, அங்கேயும் குக்கி வைத்துவிடும். விக்கிக்கு டொமைன்கள் அதிகம். எல்லாவற்றுக்கும் பின்னணியிலேயே குக்கி வைக்கப் பார்க்கும். ஆனால் நாம் ஒரு தளத்தில் இருக்கும்போது இன்னொரு தளம் குக்கி வைப்பதை சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அடியோடு தடுக்கிறது. விளம்பரக்காரர்கள் நம் பின்னாலேயே வராமல் இருக்கத்தான் அந்தத் தடை. எனக்கு அது வேண்டும், எடுக்கச் சொல்ல மாட்டேன். விக்கியும் அதில் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பா: சரி, இப்போது நான் என்ன செய்ய?

கவிதா: பொதுவகத்திலேயே புகுபதிகையை அழுத்துங்கள். பெரும்பாலும் பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். தனிப்பட்ட உலாவலில் மட்டும் திறக்காதீர்கள், மூடியதும் எல்லாம் அழிந்துவிடும்.

மல்லிகா அத்தை: கேட்டால்? போலித் தளமாக இருந்தால் என்ன செய்வது?

கவிதா: அதைத்தான் பார்க்க வேண்டும் அத்தை. பாஸ்வேர்ட் போடும் பக்கத்தின் முகவரி ஆத்.விக்கிமீடியா.ஆர்க் (auth.wikimedia.org) என்று இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மூடிவிடுங்கள்.

பெரியப்பா: அழுத்தினேன், பெயர் வந்துவிட்டது. படமும் ஏறுகிறது. விக்கிமூலத்திலும் இதே மாதிரிதானா?

கவிதா: அங்கேயும் ஒருமுறை அழுத்துங்கள் பெரியப்பா. படம் ஏறியதும் இணைப்பை இங்கே போடுங்கள்.