மறுநாள் காலையில் முட்டி எப்படி இருக்கிறது?

பொங்கல் கபடியில் பாடிப் போய்த் திரும்பும்போது வலது முட்டிக்குள் ‘டப்’பென்று சத்தம். முட்டி எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, அதற்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம் பிசியோ மேடம் கேட்டது இரண்டே விஷயம்: முட்டி முழுசாக நீள வேண்டும், வீக்கம் வடிய வேண்டும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திக்கொண்டு ஐந்து எண்ண வேண்டும். முதல் நாள் தொடை துளிகூட இறுகவில்லை. எவ்வளவு முக்கினாலும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. மூட்டில் நீர் கோத்திருந்தால் தொடையின் முன்தசை தானாகவே அடங்கிவிடும், உங்கள் முயற்சியில் குறை இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழாவது வாரம் தப்பு செய்தேன். வலியே இல்லையே என்று, 10 தடவை உட்கார்ந்து எழச் சொன்னதை 40 தடவை செய்தேன். ராத்திரி ஒன்றுமில்லை. காலையில் முட்டி வீங்கிக் கிடந்தது. மேடம் திட்டவில்லை. “தம்பி, செய்யும்போது வலிக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க. மறுநாள் காலையில் பழையபடி இருந்தா அந்த அளவு சரி. வீங்கியிருந்தா குறைக்கணும்” என்றார். வலி போய்விடுகிற அந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் வைத்த நார் ரொம்பப் பலவீனமாக இருக்குமாம். இது தெரியாமல்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் டேப்பால் முட்டியைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதுகிறேன்.

9 மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கக் கூடாது. ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். எட்டாவது மாதம் எனக்கு வந்தது 78.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். குதிகாலுக்கும் இதே கணக்குதான். ஓடி ஓடி எனக்குக் குதிகால் தசைநாரில் வலி. ஓய்வெடுத்தால் போகும், ஓடினால் திரும்ப வரும். ஒரு வருடம் இப்படியே போனது. அப்புறம்தான் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். மேலே எழும்புவது மட்டும் நல்ல காலால். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்தடிதான் எனக்கு அளவுகோல். அது விறைப்பாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சியில் கூடுதல் எடை சேர்க்க மாட்டேன்.

உங்களுடைய 78 இப்போது எவ்வளவு?

*

போன வாரம் 91 அண்ணா. பாடிப் போக இன்னும் மேடம் விடவில்லை.