டொராண்டோ குளிரில் அம்மாவுக்கு எப்படிப் பொழுது போகும்?

மாம்பலம்வாசி: அம்மா ஜனவரியில் டொராண்டோவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறார், மார்ச் கடைசியில்தான் திரும்புவார். சில நாள் மைனஸ் 20 வரை போகுமாம், இவரோ இங்கே 20 டிகிரிக்கே மங்கி குல்லா தேடுகிற ஆள். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும், டிவியும் பிடிக்காது. என்ன செய்யலாம்?

அடையாறு மாமி: வெந்தயக் கீரை வளர்க்கச் சொல்லுங்கள். ராத்திரி ஊறவைத்து, அகலமான டப்பாவில் மண் போட்டுத் தூவி, தெற்கு பார்த்த ஜன்னல் பக்கம் வைக்கணும், அங்கே குளிர்காலத்தில் வெயில் தாழ்வாகத் தெற்கிலிருந்துதான் வரும். கண்ணாடியை ஒட்டி வைத்தால் ராத்திரிக் குளிரில் வதங்கிவிடும். தினமும் தண்ணீர் தெளித்து, எட்டிப்பார்த்து... பாதி நாள் அதிலேயே ஓடும்!

சிக்குக்கோலம்: குரோஷா, இல்லையென்றால் புள்ளிக்கோல நோட்டு. டிவியை விட எவ்வளவோ மேல்.

பெரம்பூர் பையன்: டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே கிடைக்கும், அக்கா கார்டில் எடுக்கலாம். அப்புறம் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் பொங்கும், ஓவனை மட்டும் சூடாக்கிவிட வேண்டாம்.

மாம்பலம்வாசி: சரி, எந்த ஜன்னல் தெற்கு என்று அக்காவிடம் கேட்கிறேன். வெந்தயம் எப்படியும் பெட்டியில் போகுது.