நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் பார்த்தவர்கள் வாருங்கள்

1997 முதல் 2017 வரை நம் ஊரில் நடந்த சென்னை ஓபன் ஆண்கள் டென்னிஸ் போட்டியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்.

முதலில் என்னுடையது. 2008 அரையிறுதி, ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும். இருவரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர்கள், அண்ணன் தம்பி மாதிரி பழகுபவர்கள். கோர்ட்டில் அதெல்லாம் காணோம். மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கில்தான் முடிந்தன, கிட்டத்தட்ட 4 மணி நேரம்! இரண்டாவது செட்டில் மோயாவுக்கு மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி) வந்தும் நடால் தப்பித்துவிட்டார். அவர் டாப்ஸ்பின் போட்டு, அதாவது முன்பக்கம் சுழலவிட்டு அடிக்கும் பந்து எவ்வளவு உயரம் எகிறும் என்பது டிவியில் புரியவே புரியாது. பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோடு) பின்னால் கேலரியில் இருந்தேன். தோளுக்கு மேல் வரும் பந்தை மோயா திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் நடாலுக்குக் கால் நகரவில்லை, ரஷ்யாவின் யூஷ்னி 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். அந்த ஸ்கோரை வைத்து யாராவது நடாலைக் குறை சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

---

மோயா என்றால் எனக்கு 2005தான் சார். சுனாமி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ஊரில் யாருக்கும் மனசே சரியில்லை. தாய்லாந்தின் ஸ்ரீசாபனை இரண்டாவது வருடமாக இறுதிப் போட்டியில் ஜெயித்த மோயா, பரிசுப் பணத்தை சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் பக்கம்தான்.

---

நம் இந்திய வீரர் சோம்தேவை விட்டுவிட்டீர்களே! 2009இல் வைல்டு கார்டில் (அமைப்பாளர்கள் தரும் நேரடி வாய்ப்பு) வந்து மோயாவையும் கார்லோவிச்சையும் வீழ்த்தினார். அரையிறுதியில் ஷுட்லர் காயத்தால் விலக, நேரே இறுதிப் போட்டி. சிலிச்சிடம் தோற்றாலும் கைதட்டல் முழுக்க சோம்தேவுக்குத்தான். அப்போது நான் பள்ளியில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தேன். இங்கே பயிற்சி எடுத்த ஒருவர் அந்த அளவுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தது எங்கள் பயிற்சியையே மாற்றியது.

2017இல் நடந்த கடைசி இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் பவுதிஸ்தா அகுத்திடம் தோற்றவர் ரஷ்யாவின் மெத்வதேவ். அப்போது எங்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. 2021இல் அமெரிக்க ஓபன் ஜெயித்தார். வளரும் வயதில் இப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு இல்லை. போட்டி 2018இல் புனேவுக்குப் போனது, 2023 ஜனவரியோடு அங்கும் முடிந்தது. அதே நுங்கம்பாக்கத்தில் 2022இல் பெண்கள் போட்டியை நடத்திக் காட்டினோம். ஆண்கள் போட்டியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.