புதுப்பிப்பு: தனி ரெக்கார்டர் ஆடியோ கடைசில விலகுற விஷயம்
முன்னாடி கேட்டிருந்தேன்ல, டிஎஸ்எல்ஆர் கேமராவுல வீடியோ, தனி ரெக்கார்டர்ல ஆடியோ, ஆரம்பத்துல உதட்டசைவு பொருந்துது ஆனா நீளமான டேக்ல (நிறுத்தாம எடுக்கிற ஒரே ஷாட்) போகப்போக விலகிடுதுன்னு. ரெண்டுமே ஆடியோவ பதியுறது 48 கிலோஹெர்ட்ஸ்லதான் (செகண்டுக்கு 48,000 சாம்பிள்), ஆனா உள்ள இருக்கிற கடிகாரம் தனித்தனி, அந்த துளி வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து ஒரு ஃப்ரேமே தாண்டிடுது (செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட்தானே). இப்போ டேக் ஆரம்பத்துலயும் முடிவுலயும் கைதட்டுறோம், எடிட்ல முதல் தட்ட பொருத்திட்டு கடைசி தட்டு வரைக்கும் ஆடியோவ லேசா இழுத்தாலோ சுருக்கினாலோ சரியாயிடுது. கேமரா மைக்க மட்டும் அணைச்சிடாதீங்க, ஆட்டோ சிங்க்குக்கு (ரெண்டு ஆடியோவையும் ஒப்பிட்டு எடிட் சாஃப்ட்வேரே பொருத்துறது) அது வேணும். ஆனா கேமரா 10 மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் அங்க போய்ச்சேரவே கிட்டத்தட்ட 30 மில்லிசெகண்ட், ஆட்டோ சிங்க்கும் அந்த அளவு தள்ளிப் பொருத்திடும், அதனால உதட்ட ஒருதடவ பார்த்துக்கோங்க. டைம்கோட் பாக்ஸ் (கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ஒரே நேரக்குறிய கொடுக்கிற கருவி) சொன்னவங்களுக்கு நன்றி, ஒரே கேமராவுக்கு அது ஓவர்னு தோணுது.