இலவச ரயில் டிக்கெட் கூப்பன்: ஞாயிறு ஒருநாள் திருவனந்தபுரம் போய்வர உதவுமா?

தக்கலைக்காரி:
போன் ரீசார்ஜ் பண்ணுகிற ஆப்பில் "இலவச ரயில் டிக்கெட்" என்று எனக்கு இரண்டு கூப்பன் விழுந்திருக்கிறது. நிபந்தனைகளைப் படித்தேன். ஒரு கூப்பனுக்கு ஒரு ஆள், முன்பதிவு டிக்கெட்டுக்கு மட்டும், கட்டணத்தில் 250 ரூபாய் வரை கழிப்பார்களாம், சனி ஞாயிறு பயணமாக இருக்க வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

நான், வீட்டுக்காரர், மாமியார், நாலு வயசுப் பையன். இரணியலில் காலையில் ஏறி, திருவனந்தபுரத்தில் மிருகக்காட்சி சாலையும் பத்மநாபசுவாமி கோயிலும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு வந்து சேரணும். கஷ்டம் என்னவென்றால், வீட்டுக்காரருக்கு ஞாயிறு லீவு உண்டா என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். கூப்பனை அவர் பெயரில் போட்டு, அவர் வராவிட்டால் பெயரை மாற்ற முடியுமா? இதில் ஏமாற்று ஏதும் இல்லையே?

வடசேரி சந்தை:
டிக்கெட் போட்டதும் பிஎன்ஆர் என்கிற பத்து இலக்க முன்பதிவு எண் வரும். அதை ரயில்வே விசாரணை எண் 139-இல் பாருங்கள். அங்கே காட்டினால் டிக்கெட் உண்மை. கூப்பனைத் திறக்க முன்பணம் கட்டு, ஓடிபி சொல்லு என்று கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குழித்துறை பாசஞ்சர்:
தங்கச்சி, சீசன் டிக்கெட்டில் திருவனந்தபுரம் போய் வந்து ரிட்டயர்டு ஆனவன் சொல்கிறேன். கூப்பனைக் காலை வண்டிக்குச் செலவழிக்காதீர்கள். இரணியலிலிருந்து முன்பதிவில்லாத டிக்கெட் டீயும் வடையும் விற்கிற விலைதான். இதற்கு எதற்குக் கூப்பன்? கவுண்ட்டரில் கிளம்புகிற நேரத்துக்கு எடுங்கள். 200 கிலோமீட்டருக்குக் குறைந்த டிக்கெட் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிட வேண்டும், அதனால் முந்தின நாளே வாங்கி வைக்கிற வேலை ஆகாது. பையனுக்கு டிக்கெட்டே வேண்டாம், ஐந்து வயசு வரை இலவசம்.

திரும்புகிற வண்டிக்குப் போடுங்கள். ஞாயிறு சாயங்காலம் தம்பானூர் (திருவனந்தபுரம் சென்ட்ரல்) பிளாட்பாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியே பை உள்ளே போகும், பின்னாலேயே துண்டு போகும், அப்புறம்தான் ஆள். அந்த ஜெனரல் பெட்டியில் மாமியாரையும் தூங்கி விழுகிற பிள்ளையையும் ஏற்ற முடியாது.

போடும்போது ஸ்லீப்பரில் போடுங்கள். ஸ்லீப்பரில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணத்தைத்தான் வாங்குவார்கள். கைக்காசு போட்டு யாரும் அப்படிப் போக மாட்டோம், அநியாயம். ஆனால் கூப்பன் 250 வரை தாங்கும் என்றால் இதுதான் அதற்கான இடம். ஆப்காரர் தன் சேவைக் கட்டணம் என்று ஏதோ தனியாகச் சேர்ப்பார், கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பெயர் மாற்ற விதி உண்டு. அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் பெயருக்கு மாற்றலாம். ஆனால் வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்னால் ரிசர்வேஷன் கவுண்ட்டரில் எழுதிக் கொடுக்கணும். சனி சாயங்காலம் அவர் வாய் திறந்து சொல்லும்போது அந்த நேரம் தாண்டியிருக்கும். அதனால் இரண்டு கூப்பனையும் உங்கள் பெயரிலும் மாமியார் பெயரிலும் போடுங்கள். வந்தால் அவர் ஜெனரலில் நின்றுகொண்டு வரட்டும், ஆம்பளைதானே.

தக்கலைக்காரி:
அண்ணாச்சி, அவர் இதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு சீட்டு காசு கொடுத்துப் போட்டால் என்ன? வராவிட்டால் கேன்சல் பண்ணிவிடலாம் இல்லையா?

குழித்துறை பாசஞ்சர்:
பண்ணலாம். ஸ்லீப்பர் என்றால் கன்பர்ம் டிக்கெட்டில் குறைந்தது 120 ரூபாய் பிடிப்பார்கள், உட்காரும் இரண்டாம் வகுப்பு என்றால் 60. இந்தத் தூரத்துக்கு 60 போனால் கையில் வருவது சில்லறைதான். அதே வண்டியில் இரண்டாம் வகுப்பு சீட் இருந்தால் அதில் போடுங்கள், போனாலும் 60-ஓடு போகும். உங்கள் கூப்பன் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினால் நீங்கள் கட்டின காசில் மிச்சம்தான் வரும், கூப்பனை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு கூப்பனும் இரண்டு பிஎன்ஆர் என்பதால் இரண்டு பேருக்கும் வேறு வேறு பெட்டி விழலாம், அடுத்தடுத்து உடனே போடுங்கள்.

இன்னொன்று, எல்லா எக்ஸ்பிரஸும் இரணியலில் நிற்காது. குழித்துறையில் நிற்கிற வண்டி கிடைத்தாலும் எடுங்கள், பக்கத்து மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்கு பஸ் இருக்கிறது. சில வண்டிகள் நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வராமல் டவுன் வழியாகவே போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் இடம் திருவனந்தபுரம் நார்த் என்று காட்டினால் அது பழைய கொச்சுவேளி, தம்பானூர் இல்லை.

பறக்கை ராணி:
கோயிலை முதலில் பாருங்கள் அக்கா, நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வீட்டுக்காரர் வேட்டி எடுத்துக்கொள்ளட்டும், உள்ளே சட்டை கூடாது. நீங்கள் சேலையில் போனால் தொல்லை இல்லை, சுடிதார் என்றால் மேலே முண்டு (வேட்டி) சுற்றச் சொல்வார்கள். போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். மிருகக்காட்சி சாலைக்குத் திங்கள்தான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். நேப்பியர் மியூசியமும் அதே வளாகம்தான். பொதிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். கோயில் பக்கத்தில் 'சாலை பஜார்' என்கிற கடைத்தெருவில் மாமியாரை இறக்கி விட்டுவிடாதீர்கள், சாயங்கால வண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

தக்கலைக்காரி:
இப்போதுதான் போட்டேன். எனக்கும் அத்தைக்கும் ஸ்லீப்பர், ஒரே பெட்டி கிடைத்தது. ஆளுக்கு ஆப்புடைய கட்டணம் மட்டும் கட்டினேன். அதே வண்டியில் அவருக்கு இரண்டாம் வகுப்பு சீட்டும் போட்டாச்சு. குழித்துறையில் இறங்குகிறோம். மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.