நோயற்ற கோழியின் இரத்தத்தில் பி27 புரதம்: தொற்றா, பரம்பரையா?

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவி):

அனைவருக்கும் வணக்கம். வெள்ளை லெக்ஹார்ன் கோழிகளின் இரத்தச் சீரத்தில் கோழிகளுக்குக் கட்டி நோய் உண்டாக்கும் கோழி லியூக்கோசிஸ் வைரசின் பி27 புரதம் இருக்கிறதா என்று எலிசா முறையில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறியும் சோதனை) பார்த்தோம். கட்டியோ மெலிவோ இல்லாமல் நன்றாக முட்டையிடும் கோழிகளிலும் அது தென்பட்டது. கோழியின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே இருக்கும் ரெட்ரோவைரசும் இதே புரதத்தை உண்டாக்கும் என்று படித்தேன். அப்படியானால் வெளியிலிருந்து தொற்றியதையும் பரம்பரையாக வந்ததையும் எவ்வாறு பிரித்தறிவது? பரம்பரையாக வந்தது கோழிக்குத் தீங்கு செய்யுமா?

மறுமொழி 1 (மரபியல் ஆசிரியர்):

நீங்கள் படித்தது சரி. ரெட்ரோவைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக் குரோமோசோமில் செருகிவிடும் இயல்புடையது. அச்செருகல் உடற்செல்லில் நேர்ந்தால் அந்தக் கோழியோடு முடிந்துவிடும்; முட்டையையோ விந்தணுவையோ தரும் செல்லில் நேர்ந்தால், பிறக்கும் குஞ்சின் ஒவ்வொரு செல்லிலும் அது இடம்பெற்று, மற்ற மரபணுக்களைப் போலவே தலைமுறைதோறும் இறங்கிவரும்.

இது தெரியவந்த விதம் வியப்புக்குரியது. தொற்றே இல்லாத கோழிக்கருக்களில் லியூக்கோசிஸ் வைரசின் ஆன்டிஜென் (ஆன்டிபாடி அடையாளம் காணும் புரதம்) காணப்படுவதை 1960களில் கண்டார்கள். இங்கிலாந்தில் பெய்ன், சப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆன்டிஜென் உள்ள கோழிகளையும் இல்லாதவற்றையும் கலந்து இனப்பெருக்கம் செய்து, அது ஒற்றை ஓங்கு மரபணுவைப் போல மெண்டல் விதிப்படி கடத்தப்படுவதை 1968இல் காட்டினர். அதே காலத்தில் வைரஸ் ஆய்வாளர் ராபின் வைஸ், நலமான கோழிச் செல்களே வைரசின் உறைப்புரதத்தைத் தரவல்லவை என்று காட்டினார். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும் நொதியை டெமினும் பால்டிமோரும் 1970இல்தான் கண்டறிந்தார்கள் என்பதால், அதற்கு முன் இம்முடிவுகளைப் பலர் நம்பத் தயங்கினர். கோழிகளைக் கலந்து பார்த்தே இவ்வளவு தூரம் வந்தவர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாகிறது.

இந்தப் பரம்பரை வைரஸ் வீட்டுக்கோழியிலும் அதன் மூதாதையான செங்காட்டுக்கோழியிலும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியிலும் இலங்கைக் காட்டுக்கோழியிலும் இல்லை. ஆகவே இவ்வினங்கள் பிரிந்த பின்னும், மனிதர் கோழியை வளர்க்கத் தொடங்குவதற்கு முன்னும் இது உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

மறுமொழி 2 (கோழி நோய் ஆய்வகத்தில் பணிபுரிபவர்):

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பி27 என்பது வைரசின் உட்கூட்டுப் புரதம். வெளியிலிருந்து தொற்றும் துணைக்குழுக்களிலும் (உறைப்புரதத்தால் வேறுபடும் வகைகள்), பரம்பரையாக வரும் ஈ துணைக்குழுவிலும் அது பொதுவானது என்பதால், சீரத்தில் நேரடியாக எலிசா செய்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆகையால் இரத்த மாதிரியை டிஎஃப்-1 என்னும் கோழிச் செல்வரிசையின் வளர்ப்பில் இட்டு, 7 முதல் 9 நாள் வைத்திருந்து, பிறகு அந்தச் செல்களில் பி27 சோதிப்பதே நம்பத்தக்க வழி. அச்செல்களில் பரம்பரை லியூக்கோசிஸ் வைரஸ் இல்லை. ஈ துணைக்குழு அவற்றுக்குள் நுழையவும் முடியாது. எனவே அங்கே பி27 தோன்றினால் வெளித்தொற்று என்று கொள்ளலாம்.

எல்லாப் பரம்பரைச் செருகல்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு இவி என்ற பெயரும் எண்ணும் இட்டிருக்கிறார்கள். லெக்ஹார்னில் மிகப் பரவலான இவி-1 பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. இவி-3 உட்புரதத்தையும் உறைப்புரதத்தையும் உண்டாக்கும். இவி-6 உறைப்புரதத்தை மட்டுமே தரும் என்பதால், அதை மட்டும் கொண்ட கோழியைப் பி27 எலிசா காட்டிக்கொடுக்காது.

தீங்கு பற்றிய கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. இவி-6 தரும் உறைப்புரதம் செல்லின் ஏற்பியை (வைரஸ் பற்றி நுழையும் புரதம்) அடைத்துக்கொண்டு, ஈ துணைக்குழு வைரஸ் நுழையாமல் தடுக்கிறது. மாறாக, இறகு மெதுவாக வளரச் செய்யும் மரபணுவோடு இணைந்த இவி-21 கவலைக்குரியது. இறகைப் பார்த்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்று பிரிப்பதற்காக அவ்வகைத் தாய்க்கோழிகளை வளர்க்கிறார்கள். தாயிடமிருந்து இவ்வைரஸ் முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்லும்போது, குஞ்சின் உடல் அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது. பின்னர் உண்மையான லியூக்கோசிஸ் வைரஸ் தொற்றினால் ஆன்டிபாடி சரியாக உருவாகாமல், கட்டி நோய் மிகுதியாகிறது. உங்கள் கோழிகள் எந்த வகை இறகுடையவை என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. டிஎஃப்-1 வளர்ப்பில் சோதிக்க ஏற்பாடு செய்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: தட்டம்மைத் தடுப்பூசி கோழிக்கருச் செல்களில் தயாராகிறதே, அதில் இவ்வைரஸ் கலந்திருக்காதா?

மறுமொழி 3 (மரபியல் ஆசிரியர்):

கலந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தட்டம்மை, புட்டாளம்மைத் தடுப்பூசிகளில் மேலே சொன்ன ரெட்ரோவைரஸ் நொதியின் (ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்குவது) செயல்பாடு இருப்பது, மிக நுண்ணிய சோதனை முறை வந்தபின் 1990களின் நடுவில் தெரியவந்தது. அதன் மூலம் கோழியின் பரம்பரை வைரஸ் துகள்களே. தடுப்பூசி பெற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள் தொற்றுக்கான தடயம் எதையும் காணவில்லை. மனிதச் செல்களிலும் அவை பெருகவில்லை. எனவே இதைக் காரணம் காட்டிக் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவிர்ப்பது பெருந்தவறு.

கோழிக்குள் நடப்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. 1980களின் இறுதியில் பிரிட்டனில் இறைச்சிக்கோழிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, வெளியிலிருந்து தொற்றும் ஜே துணைக்குழு லியூக்கோசிஸ் வைரசின் உறை மரபணு, ஈஏவி-ஹெச்பி என்னும் பரம்பரைச் செருகலின் உறை மரபணுவோடு மிக நெருங்கியதாக இருக்கிறது. வெளிவைரஸ் ஒன்று அந்தத் துண்டைக் கோழியிடமிருந்தே எடுத்துக்கொண்டதாகக் கருதப்படுகிறது. ஆகவே சோதனையில் ஜே துணைக்குழுவுக்கான தனிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.